நல்ல நாள், அப்பா

மூன்றாவது கரண்டி மோரையும் தாவெத்தி கடைவாய் வழியாக வெளியே விட்டார். ராகேல் துடைத்தாள். துடைக்கக் குனிந்தபோது அவர் கண் அவள் காதில் போய் நின்றது.

"காதுல என்ன அது?"

"தோடுப்பா. இருபத்தொன்பது வருஷமா இதையே கேக்குறீங்க. அதே தோடுதான்."

"அதைவிடப் பெருசா வாங்கிட்டியோன்னு பார்த்தேன்."

சாகக் கிடக்கிற மனிதர் என்று யார் சொல்வார்கள்? காலையில் வந்த நகராட்சி நர்ஸ்தான் சொல்லிவிட்டுப் போனாள்: இன்று, மிஞ்சிப்போனால் நாளை.

கிராமத்தில் ஓர் ஆள் கிடையாது. ஜூன் கடைசியில் அறுநூறு கிலோமீட்டர் தெற்கே ஒரு வயல்வெளியில் கோடைக் கூட்டம் நடக்கும். விசுவாசிகள் அத்தனை பேரும் கூடாரம், தொட்டில், காபிப் பாத்திரம் சகிதம் கிளம்பிவிடுவார்கள். இந்த ஆற்றங்கரையில் விசுவாசி அல்லாதவர்கள் என்று பார்த்தால் கொசுக்கள்தான். தம்பி யோனத்தான் அங்கே பிரசங்கம் செய்ய வேண்டும். ஒன்பது பிள்ளைகளையும் வேனில் ஏற்றி எண்ணி முடித்துவிட்டு, ஹெல்சின்கியில் இருந்த அக்காவுக்குப் போன் செய்தான். "அக்கா, நீதான் எப்படியும் கூட்டத்துக்குப் போகப் போறதில்லையே." அவள் சபையை விட்டு, தோடு போட்டுக் கெட்டுப்போனதில் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் உபயோகம் அது.

ராகேல் வந்து இறங்கியபோது தாவெத்தி படுக்கையிலிருந்தே கையை நீட்டி, "நல்ல நாள்" என்றார். "நல்ல நாள், அப்பா" என்று அவளும் குலுக்கினாள். விசுவாசிகள் தங்களுக்குள் 'தேவ சமாதானம்' என்பார்கள். வெளியாட்களுக்கு நல்ல நாள்: தபால்காரனுக்கு, பால் லாரி டிரைவருக்கு, ராகேலுக்கு. இருபத்திரண்டு வயதில் அவள் வீட்டைவிட்டுப் போன அன்று காலை வரை தேவ சமாதானம். மாலை போன் செய்தபோது நல்ல நாள். பிள்ளைக்கு ஒன்று, தபால்காரனுக்கு ஒன்று என்று வைக்காதவர் அவர்.

அடுக்களை ரேடியோவில் கோடைக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் யோனத்தான் கூப்பிட்டான். பின்னால் ஒலிபெருக்கி, குழந்தை அழுகை.

"அக்கா, போனை அப்பா காதுல வை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

வைத்தாள். தம்பியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அப்பா, விசுவாசத்துல இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

"எதாவது மனசுல உறுத்துதா? சொல்லுங்க, மன்னிக்கப்பட்டாச்சுன்னு இப்பவே சொல்லிடுறேன்."

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் பிரசங்கம் பண்ணு. சுருக்கமா பண்ணு."

போனை எடுத்ததும் தாவெத்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது.

"பொய்," என்றார் சுவரிடம்.

"என்னப்பா?"

"கலெர்வோவை ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர். அவளுக்கு ஆறு வயதில், டெலிவிஷன் வைத்திருந்ததற்காகச் சபையை விட்டுத் தள்ளப்பட்டவர். அதற்கப்புறம் அம்மா அந்த வீட்டுக்குச் சர்க்கரை கடன் கேட்டுக்கூடப் பிள்ளைகளை அனுப்பியதில்லை.

"உருளைக்கிழங்கு போடுற நிலவறையில டெலிவிஷனை வச்சிருந்தான். தொழுவத்துலேர்ந்து கம்பி இழுத்து. ரெண்டு வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து, ஐஸ் ஹாக்கி பாத்தோம்."

"பாத்தோமா?"

"ஒரு குளிர்காலம் பூரா."

ராகேலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இந்த வீட்டில் ரேடியோ வானிலை அறிக்கையைத் தவிர வேறெதற்கும் முகம் மாறாத மனிதர், இருட்டில், வாளி மேல். "நம்மாளுங்க ஜெயிச்சாங்களாப்பா?"

"தோத்தாங்க." அவரும் ஒரு கணம் சிரிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் இல்லை. "ஜெப வீட்டுல விசாரணை. நான்தான் தலைமை. எல்லாரும் உக்காந்திருக்காங்க, உங்கம்மாவும் இருக்கா. நான் கேட்டேன் அவன்கிட்ட: உங்கூட யாரு இருந்தா?"

"நீங்களே கேட்டீங்களா?"

"கேக்காம விட்டா சந்தேகம் வருமே. அவன் என்னையே பாத்தான். ரொம்ப நேரம். 'யாருமில்ல, தனியாத்தான்'னான். வாளி ரெண்டு கெடந்துச்சே, பொய் சொல்றான், மனந்திரும்பலைன்னு சபை தள்ளிடுச்சு. அஞ்சு வருஷத்துல செத்துப்போனான். அந்த அஞ்சு வருஷமும் ரோட்டுல பாக்கும்போதெல்லாம் நல்ல நாள்னு சொன்னேன். தொப்பியைக் கழட்டிட்டு அவனும் நல்ல நாள்னான்."

ராகேல் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா. சொன்னா போயிருக்குமே. அதைத்தானே வாழ்நாள் பூரா பிரசங்கம் பண்ணீங்க."

"முதல் வருஷம் வெக்கம். அதுக்கப்புறம்..." அவர் மூச்சு வாங்கினார். "பாவத்தை மூடி வச்சவன் விசுவாசத்துல இல்ல. விசுவாசத்துல இல்லாதவன் சொல்ற மன்னிப்பு வெறும் காத்து. நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், தெரியுமா? பாதி ஊருக்கு. யோனத்தானுக்கு. அவன் புள்ளைங்களுக்கு."

அவள் கேட்க விரும்பவில்லை. வாய் கேட்டுவிட்டது. "அம்மாவுக்கு?"

"அவ சாகறப்போ, இதே கட்டில்ல. கழுத்தைக் கட்டிக்கிட்டு."

கொசு ஒன்று ஜன்னல் வலையில் முட்டி முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே வரப் பார்க்கிறதா, வெளியே போகப் பார்க்கிறதா என்று ராகேலுக்குத் தெரியவில்லை. இதை இவர் யாரிடம் சொன்னாலும், அம்மா தொடங்கி ஊரில் பாதிப் பேர் காலடியில் தரை இருக்காது. சொல்லாமல் போனால் இவருக்கு இருக்காது. நாற்பத்தைந்து வருடம் அந்த நிலவறையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

ரேடியோவில் பிரசங்கியார், கேட்கிறவர்கள் எல்லோரும் தங்கள் பாவங்கள் மன்னிக்கப்பட்டதென்று நம்பலாம் என்றார்.

"கேட்டீங்களா? சொல்லிட்டாரு."

"அது எல்லாருக்கும் சொல்றது. இதை ஒருத்தர் காதுல சொல்லி, அவங்க வாயால வாங்கணும்." அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். தோட்டை அல்ல. "நீ சொல்லு புள்ள."

"நானா? நான் சொன்னா செல்லாதேப்பா. நான் வெளியில இருக்கறவ. நீங்கதானே சொன்னீங்க."

"நானும் அங்கதான் இருக்கேன். நீ வெளிய வந்தப்போ நான் ஏற்கெனவே அங்க நின்னுட்டிருந்தேன். உங்கிட்ட சொல்லல, அவ்வளவுதான்."

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். ஆறு வெயிலில் கிடந்தது. இருபத்தொன்பது கிறிஸ்துமஸ், ஒவ்வொன்றிலும் அந்தக் கை குலுக்கல். தெரிந்திருந்தால் ஒரு காபியாவது சேர்ந்து குடித்திருக்கலாமே, வெளியாட்கள் இரண்டு பேரும்! கோபமாகத்தான் இருந்தது. ஆனால் தொண்ணூறு வயது மனிதர், நாற்பது கிலோ. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த வார்த்தைகள் அவளுக்குத் தெரியும். இந்த வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். சண்டை போட்ட பிறகு ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். யோனத்தானுக்கு அவள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு ஜாமுக்கு ஓடுவாள். இப்போது மூச்சு அவ்வளவு தாராளமாக இல்லை.

திரும்பி வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவர் கழுத்துக்குக் கீழே கையைக் கொடுத்தாள். கழுத்து ஒரு குழந்தையுடையதைப் போல இருந்தது.

"நம்புங்கப்பா," என்றாள். கனைத்துக்கொண்டாள். "உங்க எல்லாப் பாவமும், கலெர்வோவுக்குச் செஞ்சதும், இயேசுவோட நாமத்துலயும் ரத்தத்துலயும் மன்னிக்கப்பட்டாச்சு."

தான் இதை நம்புகிறோமா என்று யோசித்தாள். யோசனைக்கு அது நேரமில்லை என்று விட்டுவிட்டாள்.

போர்வைக்குள்ளிருந்து தாவெத்தியின் வலது கை வெளியே வந்தது. நீண்டது. அவள் பற்றினாள்.

"தேவ சமாதானம், ராகேல்."

"நல்ல நாள், அப்பா," என்றாள் அவள்.

வாயைப் பொத்திக்கொண்டாள். இருபத்தொன்பது வருடப் பழக்கம். கை நீண்டால் நாக்குத் தானாகவே போய்விடுகிறது. "அப்பா, நான்... அப்பா, இல்ல..."

அவர் கண்கள் மூடியிருந்தன. கடைவாய் ஓரம் லேசாக மேலே போயிருந்தது. மோரைத் துப்பும் முன்பும் அப்படித்தான் போகும். எது என்று சொல்ல முடியவில்லை. அதன் பிறகு அவர் பேசவில்லை. நான்கு மணிக்கு மூச்சு நின்றபோதும் அந்தக் கை அவள் கையில்தான் இருந்தது.

மறுநாள் காலை வேன் வந்து நின்றது. யோனத்தான் யாரையும் பார்க்காமல் நேராக அறைக்குள் போனான். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அக்கா, விசுவாசத்துலதான் போனாரா?"

"மன்னிப்புக் கேட்டாரு. வாங்கிக்கிட்டுத்தான் போனாரு."

"வாங்கிட்டாரா? யார்கிட்ட?"

அடுக்களையில் ரேடியோ இன்னும் பாடிக்கொண்டிருந்தது. ராகேல் அந்தப் பக்கம் பார்த்தாள். அவனும் பார்த்தான். அவன் தோள்கள் மெல்ல இறங்கின. "நல்லவேளை, ரேடியோவை வச்சு விட்டியே," என்றான். "உனக்குத் தெரியாது அக்கா, நீ எவ்வளவு பெரிய காரியம் செஞ்சிருக்கேன்னு."

அவள் காபியைக் கோப்பைகளில் ஊற்றத் தொடங்கினாள்.

பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். மூத்ததிலிருந்து கடைக்குட்டி வரை ஒவ்வொன்றும் கையை நீட்டி, "நல்ல நாள், அத்தை" என்றது. "நல்ல நாள்", "நல்ல நாள்" என்று ஒன்பது முறையும் அவள் இடது கையைக் கொடுத்தாள்.

"வலது கைக்கு என்ன ஆச்சு?" என்றான் யோனத்தான்.

"காபிப் பாத்திரம் சுட்டுடுச்சு."

வலது கை, மூடியபடி, ஏப்ரன் பைக்குள் இருந்தது.