பாதி வரைந்த நாடு

எழுபத்துநாலாம் வருஷம் ஆடி மாதம், பகல் சாப்பாடு முடித்துக் கைகழுவிய ஈரத்தோடு, நெசவாளி உமாபதி தன் மனைவி வரைந்த தேசப்படத்துக்குள் போய்விட்டான். பெரிய காஞ்சிபுரத்தில் அன்று மின்சாரமும் இல்லை.

மனைவி கலாவதி பட்டுப்புடவைக்கு டிசைன் வரைகிறவள். நூல் வராமல் தறி ஓய்ந்து கிடந்ததால் பொழுதுபோக்க ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். கட்டம் போட்ட டிசைன் தாளில், எங்கும் இல்லாத ஒரு நாட்டை ஆறு, மலை, சந்தை, கள்ளர் காடு என்று வரைந்து, ஆவாரநாடு என்று பெயரும் வைத்தாள். ஆளுக்கொரு வேஷம், தாயக்கட்டை சொன்னபடி பயணம். வைத்த காலைப் பின்வாங்கக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம். பக்கத்து வீட்டு மயில்வாகனம் தாடியே இல்லாமல் மந்திரவாதி ஆனார். உமாபதி, கழுதையோடு போகும் உப்பு வியாபாரி.

அன்று தாயம் விழுந்தது, உமாபதியின் பாய் காலியானது. தாளில் கடுகளவு உருவம் ஒன்று கழுதையை ஓட்டிக்கொண்டு போய் ஓரத்தில் நின்றுவிட்டது. அதற்குமேல் பாதை இல்லை. கலாவதி தொழில் பழக்கத்தில் நாட்டைப் பாதிதான் வரைந்திருந்தாள். பூவோ கொடியோ, பாதி வரைந்தால் மறுபாதி தறியில் தானாக வந்துவிடும். பாழாய்ப்போன கை! வேறு தாளை ஒட்டிப் பாதை போட்டுப் பார்த்தாள், அவன் அதில் காலே வைக்கவில்லை. புருஷன் ஓடிவிட்டான் என்று பேசிய தெரு, தாளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டது. அவள் தினமும் தாளின் ஓரத்தில் ஒரு பருக்கை வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். தின்றது அவனா கழுதையா, தெரியவில்லை.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, ஆவாரநாட்டு ஆறு மசி கரைந்து அவனை நோக்கிப் பெருகியது. கலாவதி வாய்விட்டு அழுதாள்.

"அழுதுக்கினு இருந்தா ஆச்சாமா?" என்றார் மயில்வாகனம். "டிசைன் முழுசா எப்படி வரும்னு ஓரத்துல கண்ணாடி நிறுத்திப் பாப்பியே, அதை நிறுத்து."

நிறுத்தினாள். கண்ணாடிக்குள் மறுபாதி நாடு விரிந்து, பாதை அதே வளைவுகளோடு அவன் புறப்பட்ட சந்தைக்கே போய்ச் சேர்ந்தது. கடுகு நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் உமாபதி பாயில் உட்கார்ந்திருந்தான், வேட்டியெல்லாம் உப்பு.

"வந்துட்டீங்களா!"

"வழியில்லாம நின்னுக்கினு இருந்தேன். சோறு இருக்குதா?"

வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்துக்குப் போயிருந்தது. இடக்கையால் பிசைந்து சாப்பிட்டான். உயிரோடு வந்தானே என்ற நிம்மதியில் அவள் அழுதுகொண்டே ரசம் ஊற்றினாள். கல்யாணப் பந்திகளில் பக்கத்து இலைக்காரர் மேல் கை இடிக்காதபடி அவனுக்கு இடதுகோடி இலை என்று ஆனது. கலாவதிக்கும் பழகிவிட்டது. அவன் முகம் மழிக்கும்போது மட்டும் பின்னால் வந்து நிற்பாள். கண்ணாடியில் பழைய உமாபதியை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போவாள்.