நீலத்தின் மேல் ஆவி

ஒரு நாற்காலிக்காக ஒருத்தி முப்பது நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள் என்றால் நம்புவீர்களா? இருந்தாள். அதுவும் ஒரு சக்கரம் சுற்றாத நாற்காலி. ஸ்டிக்கர் கடையில் ஜன்னலோரக் கம்ப்யூட்டருக்கு முன்னால் கிடந்தது. வண்டிகளின் பக்கவாட்டில் ஒட்டும் பெரிய பெரிய படங்களை அங்கே உட்கார்ந்துதான் வரைய வேண்டும். அவளை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே அச்சு மெஷின் ஓட்டுகிறவளுக்கு அவள் அண்ணி, அதனால் கடைக்கே அண்ணி. “ஒரு மாசம் பாக்கறேன், சரியா வந்தா வெச்சுக்கறேன்” என்று முதலாளி சேர்த்திருந்தார். இன்று முப்பதாவது நாள்.

கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி பென்சிலை எடுத்தால் பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்புறம் பிள்ளைகள், அடுப்பு, துவைத்த துணி, துவைக்காத துணி என்று பன்னிரண்டு வருடம் போன இடம் தெரியவில்லை. இந்த நாற்காலி கைவிட்டுப் போனால், இன்னொரு படியேறி “எனக்கு வரையத் தெரியும்” என்று சொல்லும் தைரியம் இந்த ஜென்மத்தில் வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அந்தப் பயம்.

நாத்தனாரை நினைத்தால் அந்தப் பயம் இரண்டு பங்காகும். கணவனின் தங்கை, ஆறு வருடமாக மெஷின் அவள் கையில். வாயைத் திறந்தால் குத்தல்தான். அண்ணி அனுப்பும் ஒவ்வொரு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். “இந்தக் கோடு என்ன குளிர்ல நடுங்குதா?” என்பாள். தான் எப்போது வழுக்கி விழுவோம் என்று நாத்தனார் காத்திருப்பதாகவே அண்ணி நினைத்தாள். நாத்தனார் என்றால் வேறு எப்படி நினைக்கத் தோன்றும், சொல்லுங்கள்!

கடைசி வேலை ஒரு பேக்கரி வண்டி. முழு ரொட்டி ஒன்று, அதிலிருந்து மூன்று சுருளாக எழும் ஆவி. ரொட்டிக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். மேல்தோல் வெடித்த இடம், அந்த வெடிப்புக்குள் தெரியும் வெளிர் மஞ்சள், அடியில் லேசாகக் கருகிய ஓரம். பார்த்தால் பசிக்கும். ஆவிக்கு கிரேடியன்ட் போட்டாள், அதாவது ஒரு நிறம் சிறுகச் சிறுக இன்னொன்றாக மாறுவது. சுருளின் நடுவில் வெளிர் சாம்பல், இரண்டு முனையிலும் வெள்ளை. வெள்ளைத் திரையில் ஆவி அழகாகக் கரைந்து போனது. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “பலே!” என்றார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோரு மணிக்கு அவரே திரும்பி வந்தார்.

“பேக்கரிக்காரர் பேசினார்மா. வெள்ளை சீக்கிரம் அழுக்காயிடுதாம். கருநீலம் வேணுமாம். பின்னாடி நிறத்தை மட்டும் மாத்திடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. வண்டி ரெண்டு மணிக்கு வந்துடும்.”

அஞ்சு நிமிஷமாம்! பின்னணியை நீலமாக்கிய அடுத்த நொடி அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆவி எங்கே? ரொட்டியின் மேல் மூன்று வெள்ளைத் துணிகளைக் காயப் போட்டது போல இருந்தது. இத்தனை நாளும் கரைந்தது ஆவி இல்லை. வெள்ளை மேல் வெள்ளை விழுந்து கண்ணை ஏமாற்றியிருக்கிறது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒருவழியாக ஒரு யோசனை வந்தது. முனைகளில் வெள்ளைக்குப் பதில் அதே கருநீலத்தை வைத்தாள். சுருளின் உச்சி நீலத்தோடு நீலமாகக் கலந்துவிட்டது. அப்பாடா என்று, கீழே பார்க்கக்கூட நிற்காமல், மாதிரி அச்சுக்கு அனுப்பினாள்.

அச்சான உள்ளங்கை அகல மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி நாத்தனார் வந்து நின்றாள்.

“அண்ணி, ரொட்டிக்குப் பூசணம் புடிச்சிருச்சு.”

வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். சுருளின் அடிமுனை ரொட்டியின் மேல் அல்லவா இருக்கிறது? பழுப்புத் தோலில் மூன்று இடத்தில் நீலம் அப்பியிருந்தது. ஒரு வாரம் மறந்துபோன ரொட்டி. போச்சு, எல்லாம் போச்சு! கண்ணாடி அறைக்குள் முதலாளி போன் பேசிக்கொண்டிருந்தார். நாத்தனார் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். நேராகப் போய்ச் சொல்லப் போகிறாள் என்று அண்ணி நினைத்தாள். நாத்தனாரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஆவி வெள்ளையில முடியக் கூடாது, நீலத்துலயும் முடியக் கூடாது. ஒண்ணுமில்லாததுல முடியணும். முனையைத் தொடுங்க. அங்க ஒபாசிட்டின்னு ஒரு எண் இருக்கு பாருங்க, எவ்வளவு அழுத்தமா தெரியணும்ங்கறது அது. பூஜ்யம் போடுங்க.”

போட்டாள். உச்சியில் நீலம் தெரிந்தது, அடியில் ரொட்டி தெரிந்தது. ஆனால் நடுவுக்கும் முனைக்கும் இடையே ஏதோ கலங்கலாக, அழுக்காக இருந்தது.

“இப்போ பூசணம் போயிடுச்சு, ரொட்டி தீயுது,” என்றாள் நாத்தனார்.

“கிண்டல் பண்றதுக்கு இதுவா நேரம்?”

“முனையில இன்னும் நீலத்தையே வெச்சிருக்கீங்களே அண்ணி! கண்ணுக்குத் தெரியாத முனைதானேன்னு விட்டா, நடுவுல வந்து எட்டிப் பாக்கும். நடுவுல அந்தச் சாம்பலும் வேணாம், வெள்ளை வைங்க, முனையிலயும் அதே வெள்ளை. நிறம் மாறவே கூடாது. அழுத்தம் மட்டும் குறையணும்.”

மாற்றினாள். ஐயோ, அதை எப்படிச் சொல்வது! ஆவி எழுந்தது. ரொட்டியின் வெடிப்பிலிருந்து சன்னமாகக் கிளம்பி, நடுவில் திரண்டு, நீலத்துக்குள் போய் இல்லாமல் போனது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

“அழுகையெல்லாம் அப்புறம். அடுத்த ரெண்டு சுருளையும் நீங்களே பண்ணுங்க.”

மௌஸை நாத்தனார் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது சுருள் வந்ததும், “அழிச்சுட்டு இன்னொரு தடவை” என்றாள். மணி பன்னிரண்டே முக்கால். பழி வாங்குகிறாளோ என்று அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி செய்தாள். மூன்றாவதைச் செய்யும்போது கை தானாகவே முனைக்குப் போனது. பின்னால் சிவப்பை வைத்துப் பார்க்கச் சொன்னாள் நாத்தனார், அப்புறம் பச்சையை, அப்புறம் கருப்பை. எதை வைத்தாலும் ஆவி ஆவியாகவே இருந்தது.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“ஆறு வருஷமா இந்தச் சீட்டுல உக்காந்தவங்க பண்ணின தப்பெல்லாம் என் மெஷின்லதானே வந்து விழுது!” என்று எழுந்து போய் அச்சை ஓட்டினாள்.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. ஒட்டுகிற ஆட்கள் இருவரும் குமிழ் விழாமல் தேய்த்து முடிக்க நாலாகிவிட்டது. பேக்கரிக்காரர் ஆவியின் மேல் விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “சுடுதும்மா!” என்று அவரே சிரித்தார். முதலாளியின் முகம் மலர்ந்தது.

வண்டி கிளம்பியதும், “நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடுங்கம்மா. இனிமே பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல, சீட்டு உங்களோடது” என்றார். நாத்தனார் மெஷினின் அச்சுத் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி அந்தப் பக்கம் திரும்பினார்.

“என்னம்மா, வருத்தமா? அண்ணி தேறலன்னா சீட்டு உனக்குன்னு சொல்லியிருந்தேன். நீயும் ரெண்டு வருஷமா கேட்டுட்டிருந்த. என்ன பண்றது, இப்படி ஆயிடுச்சு.”

“பரவால்ல சார்,” என்றாள் அவள், நிமிராமல்.

அவர் போய்விட்டார். அண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தப் பூசண மாதிரித் துண்டை நாத்தனார் அப்படியே முதலாளியிடம் நீட்டியிருந்தால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். சும்மா இருந்திருந்தாலே இன்று சாயங்காலம் நாற்காலி அவளுடையது. பொல்லாதவள் என்று முப்பது நாள் மனசுக்குள் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அண்ணியைச் சுட்டது.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா எழுந்திரிச்சுப் போயிருப்பீங்க.”

“போயிருப்பேன்தான்.”

“அதான் சொல்லல.” துணியை உதறி மடித்தாள். “அந்த ரொட்டியைப் பாத்தேன் அண்ணி. தப்பு கண்டுபுடிக்க எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நான் ரொட்டி வரைஞ்சா செங்கல்னு சொல்லி வீடு கட்டிடுவாங்க. எனக்கும் ஆசைதான், இல்லன்னு சொல்லல. காலையில அந்தத் துண்டைக் கையில வெச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் மெஷின்கிட்டயே நின்னேன். அதையும் சொல்லிடறேன்.”

அண்ணி போய் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. “உனக்கு நான் என்னடி செய்யப் போறேன்? ரொம்ப நன்றிடி, ரொம்ப நன்றி” என்று மறுபடி மறுபடி அதையே சொன்னாள்.

“ஐயே, விடுங்க அண்ணி, கையெல்லாம் மை. துணியில பட்டா போகவே போகாது.”

“படட்டும்,” என்றாள் அண்ணி.