ஒரு கரண்டி, ஓர் அடி

புனித பேதுரு திருநாள் காலையில் சட்டியைச் சுற்றி யார் நிற்கிறார்களோ, அவர்களுக்குத்தான் ஹரில்லா பண்ணையில் அடுத்த ஒரு வருடத்துக்கு வேலை. காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. காரியஸ்தர் ரோக்கே குதிரையில் வருவார், மிகாஸ் என்ற ரொட்டிப் பொரியலைத் தின்றுகொண்டிருக்கும் மேய்ப்பர்களைத் தலையெண்ணுவார், ஆறு மந்தைக்கு ஆறு பேர் சரியாக இருந்தால் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார். வட்டத்தில் இல்லாதவன் மதியத்துக்குள் குடிசையைக் காலி செய்ய வேண்டும்.

பதினெட்டு வருடமாக அந்த வட்டத்தில் நின்றவன் கசில்டாவின் புருஷன் எலாடியோ. போன நவம்பரில் கோவேறு கழுதை அவனைப் பாறைமேல் தள்ளியது. இடுப்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறான். அன்றிலிருந்து அவனுடைய நானூறு ஆட்டையும் மேய்ப்பவள் கசில்டாதான். உறைபனியில் கிடை போட்டவள் அவள். சினை ஆடுகளுக்குப் பிரசவம் பார்த்தவள் அவள். நரிக்குப் பயந்து நாயோடு நாயாகப் படுத்தவளும் அவள். இதெல்லாம் செய்யலாமாம், சட்டியில் கரண்டி மட்டும் போடக் கூடாதாம்.

மேய்ப்பர்களுக்குத் தலைவரான கீதாரி சத்துர்னினோ, அவளுக்கென்று ஒரு தகரத் தட்டில் மிகாஸை அள்ளி வைத்து, "பொம்பளைக்கு நாங்க குடுக்கற மரியாதை" என்று சொல்லித் தள்ளி உட்காரச் சொல்வார். குளிர்காலம் முழுக்க அந்த மரியாதையை அவள் கருவாலி மரத்தடியில் உட்கார்ந்து தனியாகத் தின்றாள். நல்ல மரியாதை! பண்ணை நாய்க்கும் அதே போல ஒரு தட்டு இருந்தது.

திருநாளுக்கு முந்தின நாள் சத்துர்னினோ குடிசை வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே எலாடியோவுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எலாடியோ இனிமே எந்திரிக்கப் போறதில்ல, கசில்டா. என் அக்கா மகன் தாமசோ வந்திருக்கான். நாளைக்கு அந்த எடத்துல அவன் நிப்பான். நீ உன் பொறந்த வீட்டுக்குப் போயிடு. வண்டி நானே தர்றேன்."

"வண்டி தர்றீங்களா? ரொம்பப் பெரிய மனசு அண்ணே" என்றாள் அவள். அதற்கு மேல் பேசியிருந்தால் கையில் இருந்த பால் செம்பு அவர் தலைக்குப் போயிருக்கும்.

மறுநாள் காலை லிபோரியோ மிகாஸ் கிளறிக்கொண்டிருந்தான். ஆறு பேரில் வாய்த்துடுக்கு அவனுக்குத்தான் அதிகம், கைப்பக்குவமும் அவனுக்குத்தான். முந்தின மாலையே சீவி உப்புத் தண்ணீர் தெளித்து வைத்த பழைய ரொட்டி, பன்றிக் கொழுப்பில் பொரிந்த பூண்டு, காய்ந்த மிளகாய், புகையில் உலர்த்திய சிவப்பு மிளகாய்த்தூள். இதை விடாமல் கிளற வேண்டும். கை ஓய்ந்தால் களியாகிவிடும். நன்றாகக் கிளறினால் ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாகப் பொன்னிறத்தில் குதிக்கும். பொரித்த பன்றித் துண்டுகளை மேலே போட்டு, இரும்புச் சட்டியை இறக்கித் தரையில் வைத்தான்.

அப்போதுதான் கசில்டா வந்தாள். ஆட்டுக்கொம்பில் அவளே செதுக்கிய கரண்டி கையில் இருந்தது.

"மதினி, தட்டு எங்க?" என்றான் லிபோரியோ.

"ஆத்துல போட்டுட்டேன்."

ஒருவன் சிரித்தான். சத்துர்னினோ திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு இருமலாக மாறியது.

மேய்ப்பர்கள் மிகாஸ் தின்பதற்கு முறை உண்டு. தட்டு கிடையாது, எல்லோருக்கும் ஒரே சட்டி. முறை வந்தவன் முன்னால் போவான், ஒரு கரண்டி எடுப்பான், ஓர் அடி பின்வைத்து வட்டத்தில் தன் இடத்துக்கு வந்துவிடுவான். அதன் பிறகுதான் அடுத்தவன். ஒருவன் சட்டியருகே நிற்கும்போது இன்னொருவன் கை நீட்டக் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கூலிக்காரன் அவசரப்பட்டு லிபோரியோவின் கைக்குக் கீழே கரண்டியை விட்டான் என்று, அவனை மூன்று நாள் வட்டத்துக்கு வெளியே நிறுத்தியவர் இதே சத்துர்னினோதான்.

முதலில் சத்துர்னினோ எடுத்தார். பிறகு லிபோரியோ, பிறகு மற்ற மூன்று பேர். ஐந்தாவது ஆள் பின்வைத்ததும், எலாடியோவின் இடத்தில் நின்றிருந்த தாமசோ கரண்டியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அவன் துடைத்து முடிப்பதற்குள் கசில்டா அவனைத் தாண்டிச் சட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். பன்றித் துண்டோடு சேர்த்து ஒரு கரண்டி அள்ளினாள். மெதுவாக மென்றாள். விழுங்கினாள். பிறகு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சரி, தின்னாச்சுல்ல? ஒரு அடி பின்னால போ" என்றார் சத்துர்னினோ.

"எங்க போறது?"

"வந்த வழியா போ."

"வந்த வழி வட்டத்துக்கு வெளிய போவுது. பின்வைக்கறதுக்கு எனக்கு வட்டத்துல எடம் வேணும். என் எடத்துல உங்க மருமகன்ல நிக்கறாரு. அவரு நகரட்டும், நான் பின்வைக்கறேன்."

"திமிரு!"

"ஆமா, திமிருதான். உங்க முறைப்படிதான் நிக்கறேன். நான் நிக்கற வரைக்கும் யாரும் கை நீட்ட முடியாது. நீட்டறவங்க நீட்டுங்க, பாப்போம்."

யாரும் நீட்டவில்லை.

"மாமா, தூக்கி ஓரமா வச்சிரட்டுமா?" என்றான் தாமசோ.

"கை வச்சுப் பாரு தம்பி" என்றான் லிபோரியோ. "படுத்துக் கெடக்கறவன் பொண்டாட்டி மேல கை வச்சேன்னு, நீ வீடு போய்ச் சேர்றதுக்கு முன்னாடி உங்க அம்மா காதுக்குச் சேதி போயிடும்."

தாமசோ கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கசில்டாவுக்குப் பயமில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். காரியஸ்தர் வந்து போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதியம் எலாடியோவைக் கட்டிலோடு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவன் பல்லைக் கடிப்பதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதை நினைக்க நினைக்கப் பயம் போய் ஆத்திரம் வந்தது. குதிகாலை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

குதிரைச் சத்தம் கேட்டது. ரோக்கே வந்து கடிவாளத்தை இழுத்தார். தள்ளி நிற்கும் ஆறு ஆண்களையும், சட்டியை மறித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணையும் பார்த்தார்.

"என்னப்பா, திருநாளும் அதுவுமா ஒருத்தரும் திங்காம நிக்கறீங்க?"

சத்துர்னினோவின் முகம் சிவந்தது. ஒரு பெண் எங்களைத் தின்ன விடவில்லை என்று எந்த வாயால் சொல்வது? "ஒண்ணுமில்லீங்க ஐயா. இவளுக்கு முறை தெரியல" என்றார்.

"முறை எனக்கு நல்லாத் தெரியும் ஐயா. பின்வைக்க எடம் கேக்கறேன். இந்த வருஷம் என் மந்தையில நாலு குட்டிதான் செத்துது. கீதாரி மந்தையில எத்தனைன்னு அவரையே கேளுங்க."

ரோக்கே கேட்கவில்லை. அந்தத் தொகை அவருக்கே தெரியும். "உங்க சண்டையைத் தீக்கறதுக்கு நான் வரல" என்றார். "எனக்கு ஆறு பேரு வேணும். சத்துர்னினோ, ஆளைச் சேக்கறவன் நீ. பேரைச் சொல்லு, நான் போறேன்."

சத்துர்னினோ தன் பெயரைச் சொன்னார். லிபோரியோ என்றார். மற்ற மூன்று பெயரையும் சொன்னார். அதோடு வாய் நின்றுவிட்டது. தாமசோ ஆவலோடு தலையை நிமிர்த்தினான். மற்ற நால்வரும் கீதாரியைப் பார்க்கவே இல்லை, சட்டியையே பார்த்தார்கள்.

"அண்ணே, ஒரு பேரு சொல்ல இம்புட்டு நேரமா? கொழுப்பு உறையுது" என்றான் லிபோரியோ. "நியாயமான பேராச் சொல்லுங்க. நாங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்."

மற்ற மூவரில் ஒருவனும் மறுக்கவில்லை.

"எலாடியோ" என்றார் சத்துர்னினோ.

தாமசோ தலையைத் தொங்கப் போட்டான். எல்லோரும் மூச்சு விட்டார்கள், முடிந்தது என்று. கசில்டா அசையவில்லை.

"எலாடியோ கட்டில்ல கெடக்கறாரு" என்றாள். "சட்டிகிட்ட நிக்கறது யாரு?"

"ஏம்மா, அதான் உன் புருசன் பேரைச் சொல்லிட்டேன்ல! இன்னும் என்ன?"

"சட்டிகிட்ட நிக்கறது யாருன்னு கேட்டேன்."

குதிரை காலை மாற்றி வைத்தது. சத்துர்னினோ ரோக்கேயைப் பார்த்தார். ரோக்கே காத்திருந்தார்.

"கசில்டா" என்றார் சத்துர்னினோ.

"ஆறு" என்று ரோக்கே தொப்பியைத் தொட்டார்.

தாமசோ ஒதுங்கிப் போனான். லிபோரியோ கொஞ்சம் நகர்ந்து கொடுத்தான். கசில்டா ஓர் அடி பின்வைத்தாள், ஒரே ஓர் அடி. வட்டம் சுற்றி மறுபடியும் சத்துர்னினோவின் முறை வந்தது. அவர் குனிந்து, ஆறிப்போன மிகாஸில் ஒரு கரண்டி எடுத்தார். அவர் மென்று விழுங்கிப் பின்வைக்கும் வரை அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.