தலைமாட்டு அகராதி

தலையணையை உருவியபோது உத்தமனின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாகவல்லி இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் அந்தத் தடிப் புத்தகத்தை அடியில் தள்ளினாள். செங்கல் மாதிரி கனம். பிறகு தலையை மெதுவாக அதன்மேல் இறக்கி வைத்தாள். இருக்கிறவரைக்கும் இதைத்தானே கட்டிக்கொண்டு கிடந்தாய், போகும்போதும் எடுத்துக்கொண்டு போ. சாயங்காலம் சுடுகாட்டில் இரண்டும் சேர்ந்து எரிந்தால் கணக்கு தீர்ந்தது. பூந்தமல்லி பாய் வந்து புத்தகம் எங்கே என்று கேட்டால் சாம்பலைக் காட்டலாம்.

அது இங்கிலீஷ் அகராதி. பிள்ளைகள் பரீட்சைக்குப் புரட்டுகிற அகராதி இல்லை. வெள்ளைக்காரன் குடித்துவிட்டு உளறுவது, கப்பல்காரன் திட்டுவது, ஜெயிலில் கைதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, இப்படி நாலு பேர் முன்னால் சொல்ல முடியாத கொச்சை வார்த்தைகளுக்கென்றே எவனோ வேலை மெனக்கெட்டுப் போட்டது. மூர் மார்க்கெட் எரிந்துபோனதற்கு முந்தின வருஷம் உத்தமன் அதை அங்கே பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தார். அன்றைக்குப் பிடித்தது சனி.

ஆவடி பாக்டரி ஸ்டோர்ஸில் கிளார்க்காக இருந்தவர் உத்தமன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் "சரிம்மா", நாகவல்லி பாத்திரத்தைத் தூக்கிப் போட்டாலும் "சரிம்மா". இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தெருவே சொன்னது. ஓட்டேரியில் பிறந்து, சண்டையிலேயே வளர்ந்த நாகவல்லிக்குத்தான் தெரியும், அந்த "சரிம்மா"வோடு குடித்தனம் நடத்துவது சுவரோடு குடித்தனம் நடத்துவது போல என்று.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தச் சுவருக்கு வாய் முளைத்துவிடும். பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிற கலீலுல்லா, காலையிலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு கள்ளிக்குப்பத்தில் இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். முன்னறைக் கதவு சாத்தப்படும். அகராதியில் வரிசையாக ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாக எடுத்து, அதே காரத்தில் மெட்ராஸில் என்ன சொல்வார்கள் என்று இரண்டு பேரும் தேடுவார்கள். அகப்பட்டதைக் கலீலுல்லா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எழுதிக்கொள்வார். இதே மாதிரி மெட்ராஸ் பேச்சுக்கும் ஒரு அகராதி போட வேண்டுமாம். உள்ளே சிரிப்பு வெடிக்கும். உத்தமன் மூச்சுத் திணறத் திணறச் சிரிப்பார். நாகவல்லி டீயோடு கதவைத் தள்ளினால் போதும், இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள். அவள் தம்ளர்களை வைத்துவிட்டு வெளியே வந்து, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, சிரிப்பு மறுபடி ஆரம்பிப்பதைக் கேட்பாள். வயிறு எரியும். இவள் புருஷனின் சிரிப்பு எவனோ ஒருத்தனுக்கு, இவளுக்கு வெறும் தம்ளர்.

வயிற்றெரிச்சல் அதோடு நிற்கவில்லை. தண்ணீர் லாரி வரும்போதெல்லாம் உத்தமன் ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். வீட்டில் டிரம் நிரம்பி வழிந்தாலும், "லாரி வந்துருச்சு, ஒரு குடம் பிடிச்சுக்கிட்டு வாயேன்" என்று இவளை அனுப்பிவைப்பார். வரிசையில் முதலில் நிற்கிற எதிர்வீட்டு ராஜம்மாவைப் பார்க்கத்தான் அந்த ஜன்னல் தவம் என்று நாகவல்லி முடிவே கட்டியிருந்தாள். அந்தக் கோபத்தையும் சேர்த்து ராஜம்மாவின் ஏழு தலைமுறையையும் லாரி அடியில் நாறடித்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவாள்.

எல்லாவற்றையும் மறந்துவிடலாம். போன ஞாயிற்றுக்கிழமையை மறக்க முடியவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு போய்ப் படுத்திருந்த மனிதருக்கு நாகவல்லிதான் வாய் துடைத்தாள், துணி மாற்றினாள், பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டுப் பார்த்தாள். கண் அசையவில்லை. பாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அகராதியைப் பிரித்து ஏதோ ஒரு வரி படித்தார். உத்தமனின் வாய் ஓரம் மேலே போனது. நாகவல்லி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த நிமிஷமே புத்தகத்தைக் கொளுத்துவது என்று தீர்மானித்துவிட்டாள்.

திண்டுக்கல்லிலிருந்து வந்த நாத்தனார் லோகநாயகி, தலைமாட்டில் புத்தகத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாராயணம் பண்ணுகிற புத்தகம் என்று நினைத்துவிட்டாள். தலைக்கு வெளியே தெரிந்த அட்டை ஓரத்தில் விபூதியைப் பூசி, குங்குமம் வைத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் உத்தமனின் காலைத் தொட்ட கையோடு புத்தகத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பாக்டரியில் கூட வேலை பார்த்த ஒருவர், படிப்பில் தலைவைத்தே போய்விட்டார் புண்ணியவான் என்றார். ராஜம்மாகூட வந்து ஒற்றிக்கொண்டாள். நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு ஒரு ஆள் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் கலீலுல்லா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், புத்தகத்தையும் அதன்மேல் இருந்த குங்குமத்தையும் பார்த்தார். தோள் குலுங்கியது. துண்டை வாயில் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று நாகவல்லிக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அருகில் வந்து உட்கார்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"பொஸ்தகத்துக்குத்தானே வந்துகீற, பாய். தரமாட்டேன். அவரோட சேர்த்துத்தான் கொளுத்தப் போறேன்."

"கொளுத்துங்க அண்ணி. அது வெள்ளக்காரன் பேச்சு. நம்ம பேச்சு என்னாண்ட டைப் அடிச்சுக் கீது." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுல முக்காவாசி உங்களுது."

"நான் எப்போ உனுக்குச் சொன்னேன்?"

"லாரியாண்ட சொன்னீங்களே. அண்ணன் ஜன்னலாண்ட நின்னு கேட்டுக்கினே இருப்பாரு. ஞாயித்துக்கெயம வந்ததும் அதான் மொதல் பேச்சு. திண்டுக்கல்காரருக்கு மெட்ராஸ் திட்டு வேற யாரு அண்ணி சொல்லித் தருவாங்க?"

"அப்பொ நான் வந்தா ஏன் வாய மூடிக்கினீங்க?"

"தெரிஞ்சா நீங்க உஷாராயிடுவீங்களாம். அப்புறம் அந்த சூடு வராதாம். சொல்லவே கூடாதுன்னு என்னாண்ட சத்தியம் வாங்கிட்டாரு."

நாகவல்லி திரும்பி உத்தமனின் முகத்தையே பார்த்தாள். வருஷக்கணக்காக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பொம்பளையின் வாயையே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். லாரி அடியில் நின்ற நாகவல்லிக்கு அத்தனை காது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்த நாகவல்லிக்கு "சரிம்மா". வெளியே நின்றவள்மேல் உள்ளே வந்தவளுக்குப் பொறாமையாக இருந்தது. இவ்வளவு தெரியும்போது ஒருநாள், ஒரே ஒருநாள், இவளிடமே சொல்லிச் சிரித்திருக்கக் கூடாதா?

பாடை கட்டி முடித்தார்கள். மகன் குணசேகரன் தோள் கொடுக்கக் குனிந்தபோது, புத்தகத்தை என்ன செய்வது என்று தாயைப் பார்த்தான். லோகநாயகி முந்திக்கொண்டு, அண்ணனோடவே போகட்டும் மதினி, என்றாள். நாகவல்லி தலையசைத்தாள். புத்தகத்தையும் தலையோடு சேர்த்துக் கயிறு போட்டார்கள். குங்குமம் கயிற்றில் ஒட்டியது.

மேளம் முன்னே போனது. தெருமுனை வரைக்கும்தான் பெண்கள் போகலாம். தண்ணீர் லாரி வந்து நிற்கிற இடம் அது. தரை எப்போதும்போல ஈரமாக இருந்தது. ராஜம்மா நின்றாள், லோகநாயகி நின்றாள், நாகவல்லியும் நின்றாள். பாடை திரும்பியது. உத்தமனின் தலை புத்தகத்தின்மேல் லேசாக ஆடிக்கொண்டு போனது.

நாகவல்லி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். தண்ணீருக்கு நிற்கும்போது செருகுவது போலத்தான்.

"அடப் பேமானி," என்று கத்தினாள். மேளக்காரர்களின் கை நின்றுவிட்டது. "ஞாயித்துக்கெயம வாயா... வாரம் பூரா ஊமையா கெடந்துட்டு, இப்போ வாயே இல்லாம போறியேடா, எனுக்கு இன்னாடா வெச்சிட்டுப் போற?"

லோகநாயகி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

பாடைக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த கலீலுல்லா நின்று திரும்பினார். அவர் கை சட்டைப்பைக்குப் போய்ப் பேனாவைப் பாதி உருவியது. பிறகு அப்படியே நின்றது.