மூடியைத் தின்ற திரவம்

மக்னீசியம் பேட்டரி செய்து உலகத்தையே புரட்டிப் போடப் போகிறோம் என்று சொல்லித்தான் ஆய்வுக்கூடத்தில் எங்கள் பிரிவைத் தொடங்கினார்கள். புரண்டதென்னவோ நாங்கள்தான், படுக்கையில். மக்னீசியம் லேசுப்பட்டதல்ல. எந்தத் திரவத்தில் வைத்தாலும் மேலே ஒரு தோல் கட்டிக்கொண்டு, மின்சாரத்தை விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதற்கு ஒத்துப்போகிற திரவம் கலப்பது என் வீட்டுக்காரர் வேலை. அதை ஊற்றிச் சட்டைப் பொத்தான் அளவுக்கு செல் கட்டுவது என் வேலை.

ஏற்கெனவே இரண்டு திரவம் ஊற்றிக்கொண்டன. மூன்றாவதும் போனால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று பிரிவுத் தலைவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அந்த மனுஷனுக்கு எல்லாமே நாளைக்கே வேண்டும். நாங்கள் வைத்த பெயரும் ‘நாளைக்கே’தான்.

மூன்றாவது திரவம் பிரமாதமாக வேலை செய்தது. சார்ஜ் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. அங்கேதான் எனக்கு உறுத்தியது. ஏறுவதற்கு ஒரு முடிவு வேண்டாமா? தலைவரிடம் முடிவைச் சொல்லும் கூட்டம் நடக்கவிருந்த அன்று காலை, காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் வைத்து ஒரு செல்லைப் பிளந்தேன். எவர்சில்வர் மூடி பொத்தல் பொத்தலாக அரித்துக் கிடந்தது. திரவத்திலிருந்த குளோரைடு மூடியைத் தின்றிருக்கிறது. மூடி கரைந்ததில் ஓடிய மின்சாரத்தைத்தான் சார்ஜ் என்று நாங்கள் கொண்டாடியிருக்கிறோம்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார்.

“தெரியும்,” என்றார். “போன மாசமே தெரியும்.”

கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது. தெரிந்துகொண்டே என்னை எதற்குத் தினமும் கட்ட வைத்தீர்கள் என்று கேட்டேன். துடைத்த கண்ணாடியை அவர் தலைகீழாக மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

“என்னால சொல்ல முடியாது. நீயே சொல்லிடு.”

சொன்னேன். கூட்டத்தில் மூடியை மேசைமேல் வைத்து, பார்த்ததை அப்படியே சொன்னேன். அவருக்கு முன்பே தெரியும் என்பதை மட்டும் விழுங்கிவிட்டேன். ‘நாளைக்கே’ மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உங்களுக்குத் தெரியுமா என்று அவரைக் கேட்டார்.

தெரியாது என்றார் என் வீட்டுக்காரர். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“என் திரவத்துல கோளாறு இல்ல சார். மூடிதான் மட்டம். மூடியப் பாத்து எடுக்கறது அவங்க பொறுப்பு.”

அவங்களாம்! கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படிச் சொன்னதில்லை. உண்மையைப் போட்டு உடைக்க எனக்கு எவ்வளவு நேரமாகும்? உடைத்தால் அவரை அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள். மறைத்தவர் என்று தெரிந்தபின் வேறெந்த ஆய்வுக்கூடமும் சேர்க்காது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் தப்புதான் சார்,” என்றேன்.

வேறு மூடி போட்டு மறுபடி தொடங்கலாம் என்றார் ‘நாளைக்கே’. எங்களுக்குக் கட்டுப்படியாகிற எந்த மூடியையும் அந்தத் திரவம் விட்டுவைக்காது. அது எங்கள் இருவருக்குமே தெரியும். என் வீட்டுக்காரர் போன உயிர் வந்தவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரி சார். செல் கட்ட அவங்களுக்குப் பதிலா யாரு வருவாங்க?”