அணுகுண்டு ஜாடியில் ஒன்று

என் மனைவி அனுப்பிரியா எங்கள் வீட்டு மாடி அறையில் இருபது கண்ணாடி ஜாடிகளில் வண்டு வளர்த்தாள். நான் விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருப்பவன். பயறு வண்டு எங்கள் தொழிலுக்கு எமன். ஒரு மூட்டைக்குள் புகுந்துவிட்டால் மூன்று மாதத்தில் பயறெல்லாம் பொத்தல் விழுந்து மாவாகிவிடும். 2004-ல், கல்யாணமான மூன்றாம் வருடம், அவள் ஆராய்ச்சிப் படிப்புக்குப் பதிந்தபோது அந்த வண்டைத்தான் தேர்ந்தெடுத்தாள்.

மண்டியில் எடை போடும் சங்கையா இதைக் கேள்விப்பட்ட அன்று தராசை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"மொதலாளி, நாம இங்கன மருந்து வச்சுக் கொல்றோம். அம்மா அங்கன தீனி போட்டு வளக்காகளாம்ல? ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க."

"பேசியாச்சு சங்கையா. தீனியே நம்ம மண்டியில இருந்துதான் போகுது."

"வண்டும் நம்ம மண்டியில இருந்துதான் போயிருக்கும்" என்றபடி அவர் திரும்பிப் போனார்.

அது உண்மைதான். முதல் வண்டுகளை அவள் மூட்டை அடுக்கும் எங்கள் கிட்டங்கியில்தான் பிடித்தாள்.

அவள் செய்த வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்தில், அணு உலை வெடித்து மனிதர்கள் காலி செய்துபோன ஒரு காட்டின் படத்தைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறாள். ஆட்கள் போய்விட்டார்கள், மிருகங்கள் அங்கேயே இருந்தன. அந்தப் படம் அவளை விடவில்லை. "ஒரு மானுக்கு என்ன ஆகும்னு டாக்டர் பாத்துக்கிடட்டும். மான் கூட்டம் நிக்குமா தேயுமாங்கிறதுதான் எனக்கு வேணும்" என்பாள். எத்தனை பிறக்கிறது, எத்தனை சாகிறது, கதிர்வீச்சு எவ்வளவு விழுகிறது, விழுந்த அடியை உடம்பு எந்த அளவு தானே சரி செய்துகொள்கிறது என்பதையெல்லாம் சமன்பாடுகளாக்கிக் கம்ப்யூட்டரில் ஓடவிடுவாள். திரையில் ஒரு கோடு வரும். இத்தனையாவது தலைமுறையில் கூட்டம் இவ்வளவு இருக்கும் என்று அந்தக் கோடு சொல்லும். அது சொல்வது சரியா என்று உயிருள்ள எதிலாவது பார்க்க வேண்டும். மானைப் பிடித்து ஜாடியில் அடைக்க முடியாது. வண்டுக்கு ஒரு தலைமுறை ஒரு மாதம்.

ஜாடிகளை நான்கு வகையாகப் பிரித்தாள். ஒன்றுக்குக் கதிர்வீச்சே கிடையாது, மற்ற மூன்றுக்கும் படிப்படியாகக் கூடும். அடையாளத்துக்கு ஒட்ட, சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் அவள் அண்ணன் காளிராஜ், கலர் பிசகிக் கழித்துப் போட்ட வெடி லேபிள்களை ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தார். அதனால் கதிர்வீச்சு படாத ஐந்து ஜாடிகள் கம்பி மத்தாப்பு ஆயின. அடுத்த ஐந்து தரைச்சக்கரம், அதற்கடுத்து புஸ்வாணம், அதிகமாகப் படுகிற ஐந்து அணுகுண்டு. மதுரையில் உள்ள பேராசிரியர், அவளுடைய வழிகாட்டி, முதல் அறிக்கையில் "அணுகுண்டு: 212" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு போன் போட்டு விளக்கம் கேட்டார்.

வீட்டு வேலைக்கு வரும் சின்னத்தாய் அந்த அறைப் பக்கம் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "அந்தக் கதிரு நம்ம மேல ஒட்டிக்கிடும்மா."

"வெயில்ல காஞ்ச வத்தலு ராத்திரி வெளிச்சம் விடுதா? அது மாதிரிதான். அடி பட்டது வண்டுக்கு, நமக்கு ஒண்ணும் ஒட்டாது" என்றாள் அனு.

"வத்தலு வெளிச்சம் விடாட்டியும் காரம் இருக்குல்ல?"

கடைசிவரை அந்த அறையை நான்தான் கூட்டினேன்.

மாதம் ஒரு முறை ஜாடிகளைப் பையில் அடுக்கி, பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோவோம். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சு கொடுக்கிற கோபால்ட் வைத்த கருவி இருந்தது. பை தூக்குவது என் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இதய வால்வு ஒன்று பழுதாகியிருந்தது. பாரம் தூக்கக் கூடாது. வீடு திரும்பியதும் எண்ணுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன். அணுகுண்டு ஜாடிகள் மாதாமாதம் மெலிந்துகொண்டே வந்தன. ஐந்தாம் தலைமுறையில் ஜாடிக்கு ஆறு, ஏழுதான். ஆறாவதில் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுடைய கோடு சொன்னது.

ஆறாவது எண்ணிக்கை நேரத்தில் அவளுக்குச் சென்னையில் மூன்று வாரப் பயிற்சி வந்தது. "நீங்களே எண்ணி எழுதிருங்க. எழுதி முடிச்சதும் எல்லாத்தையும் கொதிதண்ணியில கொட்டிருங்க. கம்பி மத்தாப்பு மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிப் போனாள். அது ஒரு வெள்ளிக்கிழமை. அவளுடைய நோட்டில் பக்கம் தீர்ந்திருந்ததால், மண்டியிலிருந்து மஞ்சள் தடவின புது நோட்டை எடுத்து வந்து எழுதினேன். கம்பி மத்தாப்பையும் தரைச்சக்கரத்தையும் எண்ணி முடிக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. அணுகுண்டு ஜாடிகளில் ஒரு வண்டுகூட உயிரோடு இல்லை.

ஐந்துக்கும் நேரே 1, 1, 1, 1, 1 என்று எழுதினேன்.

எங்கள் மண்டியில் இருப்பு நோட்டில் பூஜ்யம் எழுதுவதில்லை. சரக்குத் தீர்ந்தாலும் சாக்கை உதறமாட்டோம். ஒரு கைப்பிடியை உள்ளே விட்டு, 1 என்று எழுதுவோம். அதைப் பார்க்கிற எவருக்கும் சரக்கு இல்லை என்று புரியும். என் அம்மா அரிசி தீர்ந்தால் "அரிசி நெறஞ்சு போச்சு" என்றுதான் சொல்வாள். அப்படி எழுதிப் பழகின கை எழுதியது. நான் யோசிக்கவே இல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தேன், கொட்டினேன், அறையைக் கூட்டினேன்.

அவள் அச்சுத்தொழில்காரர் வீட்டுப் பெண். அவர்கள் வீட்டில் ஒரு தாள் என்றால் ஒரு தாள்தான்.

திரும்பி வந்த பிறகு இரண்டு மாதம் அவள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்து எழவே இல்லை. கேட்டால், "கோடு எங்கயோ இடிக்குதுங்க" என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பிடிச்சுட்டேன். எல்லா வண்டும் ஒண்ணுபோல அடி வாங்கலை. கூட்டத்துல ஒண்ணு ரெண்டு கெட்டி உசுரு இருக்கு. அதுக்குன்னு சமன்பாட்டுல தனியா ஒரு உறுப்பு சேத்தேன், கோடு சரியா வந்துருச்சு. சாருக்கு ரொம்ப சந்தோசம். மாநாட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாரு. அனுப்பிட்டேன்."

"நல்லதுதானே?"

"அஞ்சு ஜாடியிலயும் சொல்லி வச்ச மாதிரி ஒண்ணு நின்னுருக்கே, அதான் இன்னமும் ஆச்சரியமா இருக்கு. அதைப் பாக்க நான் இல்லாம போயிட்டேன். எப்படி இருந்துச்சு? நடந்துச்சா?"

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "கவனிக்கலை" என்றேன்.

அடுத்த ஒரு வாரம் மண்டியில் உட்கார்ந்து இதையே கணக்குப் போட்டேன். சொன்னால் அவள் சேர்த்த உறுப்பு போச்சு, மாநாடு போச்சு, ஆறு மாத உழைப்பு போச்சு. சொல்லாவிட்டால், இல்லாத ஐந்து வண்டுகளின் மேல் அவள் பெயர் நிற்கும். எங்கோ ஒரு காட்டைப் பற்றி முடிவெடுப்பவன் அதை நம்பக்கூடும். அதைவிட, "நடந்துச்சா?" என்று கேட்ட முகம்.

மறு ஞாயிறு இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடப் போனோம். ஆய்வு நல்லபடி முடிந்தால் வருவதாக அவள் வேண்டிக்கொண்டது. கும்பிட்டுவிட்டு ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

"எத்தனை ஜாடியில?"

"அஞ்சுலயும்."

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்ல."

எழுந்து நடந்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாத்தூரில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது, நான் சேவு வாங்கிக்கொண்டு வந்து நீட்டினேன். வாங்கவில்லை. பஸ் வந்து, ஏறி, டிக்கெட் எடுத்து, ஊர் எல்லை தாண்டிய பிறகு அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் பழைய கோடு சரிதான்" என்றாள். "ரெண்டு மாசமா சரியா இருந்ததை உக்காந்து கெடுத்திருக்கேன். உங்க மண்டி வழக்கத்துக்கு ஒரு சமன்பாடு போட்ட ஒரே ஆளு நான்தான். அந்தச் சேவைக் குடுங்க."

மறுநாளே மாநாட்டுக்காரர்களுக்கும் பேராசிரியருக்கும் நடந்ததை அப்படியே எழுதினாள். என் பெயரைக் குறிப்பிடவில்லை, 'எண்ணியவரின் பிழை' என்று மட்டும் போட்டாள். பேராசிரியர் ஆறு தலைமுறையையும் முதலிலிருந்து செய்யச் சொன்னார். டாக்டர் பஸ் பயணத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார். அதனால் ஆறு மாதமும் நான் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் போய்வந்தேன். கண்டக்டர் ஒருமுறை பைக்குள் எட்டிப் பார்த்து, "அணுகுண்டை பஸ்ல ஏத்தக் கூடாதுங்க" என்றார். மூடியைத் திறந்து வண்டைக் காட்டின பிறகுதான் விட்டார்.

இரண்டாவது முறையும் ஆறாம் எண்ணிக்கை ஒரு வெள்ளிக்கிழமையில்தான் வந்தது. அவள் எண்ணினாள். அணுகுண்டு முதல் ஜாடியைக் கவிழ்த்து, பயறை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எழுதுங்க."

பேனா நின்றது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுதினேன்.

"என்ன இம்புட்டுப் பெருசு? உளுந்த வடை மாதிரி" என்றாள். "சின்னதாப் போடுங்க. இன்னும் நாலு இருக்கு."

அன்றிலிருந்து எதை எழுதினாலும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. மளிகைச் சீட்டோ, கல்யாண வீட்டுக்கு ஆள் கணக்கோ, தாளைப் பார்க்காமலே, "எண்ணித்தானே எழுதினீக?" என்பாள்.

2007-ல் பட்டம் வாங்கினாள். அணுகுண்டு ஜாடிகளுக்கு வந்த ஐந்து பூஜ்யமும் ஆய்வேட்டின் எண்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கின்றன. 2009 ஆனி மாதம், வால்வு மாற்றத் தேதி குறித்திருந்த வாரத்தில், காலையில் காபி குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கம்பி மத்தாப்பு ஜாடிகள் ஐந்தும் இன்னும் மாடி அறையில் இருக்கின்றன. மாதம் ஒரு முறை புதுப் பயறு போடுகிறேன். சங்கையா அதற்கென்று நல்ல பயறாகப் பொறுக்கித் தருகிறார்.

அவள் போன நான்காம் மாதம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் இப்போது உள்ள உறுப்பினர்களின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "ஏதாவது புரியலையாங்க ஐயா?" என்று கேட்டாள்.

புரிகிறது என்று சொல்லிவிட்டு, 1 என்று எழுதினேன். எண்ணித்தான் எழுதினேன்.