இரண்டு கன்னங்களும் ஒரு மூக்கும்

"அசையாதை பிள்ளை, கண்ணுக்குள்ள போகப்போகுது!"

இராசமலர் மூத்த மகள் லோஜினியின் இடக் கன்னத்தில் தயிரில் குழைத்த தேசிக்காய்ப் புளிச்சாற்றை அப்பினாள். வலக் கன்னம் இளையவள் பிரியதர்சினியின் பொறுப்பு. பெயர் ஒட்டாத குப்பியிலிருந்து வெள்ளைக் களிம்பை வழித்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். எந்தப் பக்கம் கூடுதலாக வெளுக்கிறதோ, அந்த மருந்தை முழு முகத்துக்கும் பூசுவதென்று ஏற்பாடு.

"அம்மா, மூக்கு ஆருக்கு?"

"எனக்குத்தான். பெத்தவள் நான்."

"களிம்பு வாங்கினது நான்!"

சண்டை தீரவில்லை, மூக்கு தப்பியது. கதிரையில் சாய்ந்திருந்த லோஜினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உட்துறைமுகக் கரையில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குபவள் அவள். பல வருட வெயில் கன்னங்களில் கறுத்த திட்டுகளாகப் படிந்திருந்தது. ஓர்ஸ் ஹில் கிளினிக்கில் பார்த்த தோல் வைத்தியர் அகலத் தொப்பியும் வெயில் கிரீமும் போடச் சொன்னார். மாதக்கணக்கில் பொறுக்கவும் சொன்னார். பொறுப்பதற்கு வீட்டில் ஆளில்லை.

பூச்சு முகத்தில் இருக்கும்போதே, சனிக்கிழமை மத்தியானமே மாப்பிள்ளை வீட்டாரின் கார் வாசலில் வந்து நின்றது. ஞாயிறு நாள் சரியில்லையாம். லோஜினி ஓடிப்போய் முகத்தைக் கழுவினாள். இடப்பக்கம் எரிந்து சிவந்திருந்தது. வலப்பக்கம் அவித்த உருளைக்கிழங்கைப் போல உரிந்திருந்தது. மூக்கு மட்டும் பழைய நிறத்தில் இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியை வாங்கியபடி உற்றுப் பார்த்தார்.

"போட்டோவில ஒரே நிறமாத்தானே இருந்தவ?"

"ஓம் மாமி. இது ரெண்டு வைத்தியம்."

"கலியாணத்துக்குப் பிறகு இந்தக் கடலும் வெயிலும் சரிவராது. வேலையை விடவேணும்."

இராசமலரின் தலை தானாக ஆடியது. லோஜினியின் சிரிப்பு நின்றுபோனது. அவள் மாப்பிள்ளை சிந்துஜனைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து இறங்கிய வியர்வை, அவன் கன்னத்துப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு கிழித்திருந்தது.

"நீங்கள் என்ன பூசினனீங்கள்?"

அவன் தாயைத் திரும்பிப் பார்த்தான். "நான் மோட்டார் சைக்கிள்ல திரியிறனான்தானே... அம்மாதான் கடலைமாவும் தேனும் பூசினவ. அதுக்கு மேல தங்கச்சியின்ர பவுடர்."

"எரிஞ்சதோ?"

"எரியேல்லை. எறும்பு வந்தது."

பிரியதர்சினிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு லோஜினி. கடைசியில் சிந்துஜனும்.

"ஆம்பிளைக்கு நிறமென்ன கேள்வி?" என்று தாய் அதட்டினார். "அவன் வெயில்ல உழைக்கிறவன்."

"நானும் அதுதான் மாமி செய்யிறன்." லோஜினி எழுந்து அகலத் தொப்பியைத் தலையில் வைத்தாள். "பிள்ளைகள் கரையில பாத்துக்கொண்டு நிப்பினம். வேலையை விட ஏலாது."

அவள் படி இறங்குமுன்பே மாப்பிள்ளையின் தாய் இளையவள் பக்கம் திரும்பிவிட்டார்.

"இவ வெயிலுக்குப் போறேல்லைத்தானே? நல்ல நிறம்."

பிரியதர்சினி களிம்புக் குப்பியை அவர் கையில் கொடுத்தாள்.

"அக்கா, நில்லு! எனக்கும் நீச்சல் பழக்கு!"